கிளம்புவதற்கு முன் பன்னிரண்டு வாரங்கள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போவோம் என்று எட்டு நண்பர்கள் முடிவெடுக்க ஒரு டீக்கடையும் பத்து நிமிடமும் போதும். போகிற போக்கில் ஒரு நல்ல காரியத்துக்கு நிதியும் திரட்டுவோம் என்று யாராவது சொல்வார், எல்லோரும் தலையாட்டுவார்கள். எங்கள் முதல் பயணம் அப்படித்தான் பிறந்தது. அதற்குப் பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக இன்னும் இரண்டு முறை போய்வந்துவிட்டோம். இப்போது யோசித்தால், வழியில் வெடித்த சண்டைகள் எதுவும் வழியில் முளைத்ததாகத் தெரியவில்லை. வீட்டில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியதைப் பேசாமல் கிளம்பினோம், அதுதான் காரணம். ஆகவே இந்த அத்தியாயத்தில் கால்களுக்கான பயிற்சியைவிடப் பேச்சுக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதல் கூட்டம் பணத்துக்கு

முதல் கூட்டத்தில் சைக்கிளைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். எந்த மாடல், எத்தனை கியர் என்று ஆரம்பித்தால் கடை அடைக்கும்வரை அதுதான் ஓடும். யாருக்காகத் திரட்டுகிறோம், எவ்வளவு, அது யார் கைக்குப் போகும் என்பதை முடித்துவிட்டு எழுந்திருங்கள்.

நாங்கள் தேர்ந்துகொண்டது புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் குழந்தைகளின் குடும்பங்களை. குழந்தைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். அதில் பரவலாகக் காணப்படும் வகைக்குச் சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீளும். தொண்டியிலோ சாயல்குடியிலோ இருக்கிற ஒரு குடும்பம் அத்தனை காலமும் சென்னைக்கு வந்து வந்து போக வேண்டும். மருத்துவச் செலவைக் காப்பீடு ஏற்றுக்கொண்டாலும், மருத்துவமனைக்குப் பக்கத்தில் எடுக்கும் அறைக்கு வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, அப்பா இழக்கும் கூலி எல்லாம் குடும்பத்தின் தலையில்தான் விழும். இதைத் தாங்க முடியாமல் பாதியில் சிகிச்சையை நிறுத்திவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் உண்டு. எங்கள் நிதி அந்த வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகிறது. அந்தக் குடும்பத்தார் இரவுப் பேருந்தில் வடக்கே வருகிறார்கள். நாங்கள் அவர்களுடைய ஊர்களின் வழியாகத் தெற்கே போகிறோம். நீங்கள் எந்தக் காரியத்தை எடுத்தாலும் அதற்கும் பாதைக்கும் இப்படி ஓர் உறவு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வழி நெடுக டீக்கடைகளில் "எதுக்குப்பா இந்த வெயில்ல?" என்று கேட்பார்கள். பதில் அந்த ஊரைத் தொடுவதாக இருந்தால் கேட்டவர் பெஞ்சில் இடம் ஒதுக்கி உட்காரச் சொல்வார்.

இன்னொரு கேள்வி வீட்டுக்குள்ளேயே வரும். "பயணத்துக்குச் செலவு பண்ற காசை நேரா அந்தப் பிள்ளைங்களுக்குக் குடுத்துடலாமே?" என் பெரியம்மா கேட்டார். நியாயமான கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். எங்கள் பதில் ஒரு விதியாகவே ஆகிவிட்டது: பயணச் செலவு ஒவ்வொருவரின் சொந்தப் பணம். அறை, சாப்பாடு, துணை வண்டியின் வாடகை, டீசல், அச்சடித்த பனியன் வரை எதற்கும் நன்கொடையிலிருந்து ஒரு ரூபாய்கூட எடுப்பதில்லை. பனியனுக்கு ஸ்பான்சர் கிடைத்தால் அதைத் தனிக் கணக்கில் எழுதுகிறோம். இதைச் சொன்ன பிறகு பெரியம்மா முந்தானையில் முடிந்திருந்த 500 ரூபாயை எடுத்துக் கொடுத்தார்.

பணத்தை உங்களில் ஒருவருடைய வங்கிக் கணக்கில் சேர்க்காதீர்கள். முதல் தடவை நாங்கள் அப்படித்தான் செய்தோம். நண்பர் நேர்மையானவர், சந்தேகமே இல்லை. ஆனால் அவருடைய சம்பளம், வீட்டுக்கடன் தவணை, நன்கொடை மூன்றும் ஒரே கணக்கில் கலந்து கிடந்தன. யார் எதற்கு அனுப்பியது என்று பிரித்தெடுக்க ஐந்து வாரம் ஆயிற்று. அந்த ஐந்து வாரமும் அவர் எங்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார். நன்கொடை நேரடியாக, உதவியைக் கொண்டுசேர்க்கும் அறக்கட்டளையின் கணக்குக்குப் போகட்டும்; உங்கள் பயணத்தின் பெயரைக் குறிப்பில் எழுதச் சொன்னால் அவர்களே பிரித்துக் கணக்குக் கொடுப்பார்கள்.

அறக்கட்டளையைத் தேர்ந்தெடுக்கும்போது 12ஏ, 80ஜி பதிவுகள் நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 80ஜி வரிச்சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அவர்களுக்கும் கிடைக்காது. கொடுத்தவருக்கு அறக்கட்டளை 10பிஇ படிவத்தில் சான்றிதழ் தர வேண்டும். வெளிநாட்டுச் சொந்தங்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் துபாய் அண்ணன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் ஆகும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்ற அமைப்புதான் அதை வாங்கலாம். அன்போடு அனுப்புகிற பணம் சட்டச் சிக்கலில் மாட்டக் கூடாது. முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

அறக்கட்டளையிடம் ஒரு ரசீதுப் புத்தகமும் கேட்டு வாங்குங்கள். சாலையில் பத்து ரூபாயும் இருபது ரூபாயும் நீட்டுகிறவர்கள் இருப்பார்கள். கோட்டைப்பட்டினம் பக்கம் ஒரு டீக்கடையில் வயதான அம்மா ஒருவர் என் வண்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு லேசா இருக்கே தம்பி! நாங்க கத்துக்கிட்டது பார் வெச்ச ஆம்பளை வண்டி" என்றார். புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சேர்த்துச் சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலம் அது. ஆயிரக்கணக்கான பெண்கள் அப்போது சைக்கிள் ஏறினார்கள். அவர்களில் ஒருவர் இவர். நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, ரசீதில் தன் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துச் சரிபார்த்த பிறகுதான் மடித்து வைத்துக்கொண்டார். ரசீது இல்லாமல் அந்தப் பணத்தை வாங்கியிருந்தால் எனக்கு மனசு ஆறியிருக்காது.

இன்னொன்றையும் முதல் கூட்டத்திலேயே முடிவு செய்யுங்கள். நன்கொடையைக் கிலோமீட்டர் கணக்கில் கேட்க வேண்டாம். கேட்க அழகாகத்தான் இருக்கும்: கிலோமீட்டருக்கு 5 ரூபாய், 800 கிலோமீட்டர், ஆளுக்கு 4,000 ரூபாய். எங்கள் முதல் பயணத்தில் நண்பர் ஒருவருக்கு நாகப்பட்டினம் தாண்டியதும் முழங்கால் வீங்கிவிட்டது. "நான் வண்டியில ஏறிட்டா பசங்களுக்குப் போற காசு குறைஞ்சிடும்டா" என்று சொல்லி இரண்டு நாள் அந்தக் காலோடு ஓட்டினார். பிறகு எட்டு மாதம் அவரால் சைக்கிள் மிதிக்க முடியவில்லை. ஒரு குழந்தையின் சாப்பாட்டையும் இன்னொருவரின் முழங்காலையும் ஒரே தராசில் வைத்தது எங்கள் குற்றம். இப்போதெல்லாம் கிளம்புவதற்கு முன்பே தொகையை முழுதாகக் கேட்டுவிடுகிறோம். பயணம் எங்கே நின்றாலும் பணம் நிற்காது.

விளம்பரத்துக்குக் குழந்தைகளின் படத்தைப் பயன்படுத்தாதீர்கள். முடி கொட்டிய தலையோடு ஒரு குழந்தையின் முகம் நாலு பேர் கைபேசியில் சுற்றினால் பணம் கூடவே வரும், தெரியும். அந்தக் குழந்தை குணமாகிப் பள்ளிக்குப் போகும்போதும் அந்தப் படம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

மாதமும் காற்றும்

கடற்கரைச் சாலையில் மலை கிடையாது. காற்றுதான் இங்கே மலை. அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவக்காற்று மழை ஓய்ந்த பிறகும் ஜனவரி, பிப்ரவரியில் வடகிழக்கிலிருந்து வீசிக்கொண்டிருக்கும். தெற்கே போகிறவருக்கு அது முதுகில் கைவைத்துத் தள்ளும் காற்று. இதே சாலையில் கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்கு அந்த மாதங்களில் வந்தால் ஒவ்வொரு கிலோமீட்டரையும் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று மேற்கிலிருந்து வரும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அது பாயும் வேகத்தை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்தப் பருவத்தில் தென்முனையில் பக்கவாட்டுக் காற்று சைக்கிளைச் சாலையின் நடுவுக்கே தள்ளிவிடும்.

ஆகவே தைமாதம். அதிலும் பொங்கல் வாரத்தை விட்டுவிடுங்கள். காணும் பொங்கலன்று கோவளமும் மாமல்லபுரமும் வண்டிகளால் நிரம்பி வழியும். தைப்பூசத்தை ஒட்டித் தென்மாவட்டச் சாலைகளில் திருச்செந்தூருக்குப் பாதயாத்திரையாகப் போகிறவர்கள் விடியுமுன்னே கூட்டங்கூட்டமாக நடப்பார்கள். அவர்களோடு போவது பெரிய அனுபவம்தான். ஆனால் இருட்டில் வேகத்தைக் குறைத்து, மணியடித்துக்கொண்டே போக வேண்டும்.

டெல்டாவில் அது சம்பா அறுவடைக் காலம். நாகை மாவட்டச் சாலைகளில் பாதியை நெல் காய வைத்து அடைத்திருப்பார்கள், ஓரத்துக்கு வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போன பிறகும் சில கற்கள் அங்கேயே கிடக்கும். இருட்டில் அவை தெரியாது. நெல்லின் மேல் சைக்கிளை ஏற்றாதீர்கள். அது அவர்களுடைய ஆறு மாத உழைப்பு, உங்கள் டயருக்கும் வழுக்கும்.

தூரத்தை எட்டு நாளாகப் பிரித்துக்கொள்ளச் சொல்வேன். மொத்தம் 800 கிலோமீட்டரை ஒட்டி வரும். சென்னையிலிருந்து புதுச்சேரி 150 கிலோமீட்டர்தானே, முதல் நாளே போய்விடலாம் என்று தோன்றும். போகாதீர்கள். வழியனுப்பு விழா என்று ஒன்று இருக்கும். பேசுகிறவர்கள் பேசி, கொடியசைத்து, படமெடுத்துக் கிளம்பும்போது மணி எட்டரை ஆகிவிடும். மதியம் மரக்காணத்து உப்பளங்களின் நடுவே நிழலின்றி மாட்டிக்கொள்வீர்கள். விழாவை முந்தின நாள் மாலை வைத்துக்கொள்வது உத்தமம். அப்படி முடியாவிட்டால் முதல் நாள் மாமல்லபுரத்தோடு நிறுத்துங்கள், மறுநாள் புதுச்சேரி. அப்புறம் காரைக்கால், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, தூத்துக்குடி என்று தங்கி, கடைசி நாள் திருச்செந்தூர், மணப்பாடு, உவரி வழியாகக் கன்னியாகுமரி. கடைசி நாள் தூரம் கூடுதல்; ஊர் வந்துவிட்டது என்ற எண்ணமே பாதி மிதித்துவிடும். இடையில் ஒரு நாளை முழுமையாக ஓய்வுக்கு விடுங்கள். நாங்கள் வேளாங்கண்ணியில் விட்டோம். துணி துவைத்தோம், தூங்கினோம், அவ்வளவுதான்.

தொண்டிக்குத் தெற்கே கடைகள் தள்ளித் தள்ளித்தான் இருக்கும். இரண்டு பாட்டிலையும் நிரப்பாமல் எந்த ஊரையும் தாண்டாதீர்கள். சிறிய ஊர்களில் தங்க விடுதி இருக்காது, இருந்தாலும் எட்டுப் பேருக்கு இடமிருக்காது. இரண்டு வாரத்துக்கு முன்பே பேசி, முன்பணம் கொடுத்து, சைக்கிளை அறைக்குள் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள்.

வண்டி

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. ஆனால் உங்கள் உயரத்துக்குப் பொருந்திய சைக்கிள் வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைக் கீழ்ப்பக்கம் வந்த பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். ஓட்டும்போது முன்பாதத்தை வைப்பீர்கள், முழங்கால் லேசாக மடங்கும். நம்மூரில் பெரும்பாலோர் சீட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டுகிறோம், தரையில் கால் ஊன்ற வசதியென்று. 20 கிலோமீட்டருக்கு அது பரவாயில்லை. நூறு கிலோமீட்டருக்கு முழங்கால்தான் விலை கொடுக்கும்.

டயர் 28 முதல் 35 மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். மெல்லிய ரேஸ் டயர் மாமல்லபுரம்வரை சுகமாக இருக்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு ஒட்டுப் போட்ட சாலையும் உங்கள் மணிக்கட்டில் எழுதிவிட்டுப் போகும்.

கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போது வண்டியை முழுசாக ஓவராயில் செய்யக் கொடுங்கள். பால்ரஸ் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வைப்பது, சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பது, தேய்ந்த பிரேக் கட்டை, கேபிள், செயின் மாற்றுவது எல்லாம் அப்போதே முடியட்டும். முந்தின நாள் கொடுக்கக் கூடாது. புதிதாக மாட்டியது எதுவும் கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் தன் குறையைக் காட்டும். 150 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்த்து, இளகியதை இறுக்கிக்கொண்டு கிளம்புங்கள்.

பஞ்சரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ராமநாதபுரம் மாவட்டத்தில் சாலையின் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வெட்டிய கிளைகளும் ஆடு இழுத்துப் போட்டவையும் தார் ஓரத்தில் கிடக்கும். அந்த முள் டயரை ஊசிபோல் துளைக்கும். டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பட்டை கிடைக்கிறது, வாங்கிப் போடுங்கள். ஆளுக்கு இரண்டு டியூப் வேண்டும். பஞ்சரானதும் டியூபை மட்டும் மாற்றினால் பத்து நிமிடத்தில் மறுபடி காற்று இறங்கும், ஏனென்றால் முள் டயரிலேயே இருக்கும். ஒரு துண்டுப் பஞ்சையோ பழைய பனியன் துணியையோ டயரின் உள்பக்கம் சுற்றித் துடையுங்கள். முள் இருக்கிற இடத்தில் துணி சிக்கும். விரலால் தடவினால் விரலில் ஏறும்.

அடுத்தது வால்வு. புதிய சைக்கிள்கள் பலவற்றில் பிரெஸ்டா என்கிற மெல்லிய வால்வு இருக்கிறது. தேவிபட்டினம் அருகே ஒரு பஞ்சர் கடைப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, வால்டியூப் போட்டதுக்கு என்கிட்ட பம்பு இருக்கு, பைக்குக்கும் இருக்கு. இந்த மூக்குக்கு இல்லையே" என்று வருத்தப்பட்டார். அரை விரல் நீளம்கூட இல்லாத ஒரு பித்தளை அடாப்டரை வால்வில் திருகினால் பைக் பம்பிலேயே காற்றடிக்கலாம். பத்து வாங்கி ஆளுக்கொன்று சட்டைப்பையில் வையுங்கள். மறந்தவருக்குக் கொடுக்க ஒன்றிரண்டு மிஞ்சட்டும்.

எட்டுப் பேரும் பஞ்சர் ஒட்டவும் டியூப் மாற்றவும் செயினை ஏற்றவும் தெரிந்தவர்களாக இருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கே ஒதுக்கினோம். எங்களில் மூவர் பெண்கள். அவர்கள் அன்று மூன்று முறை செய்து பார்த்து நேரத்தைக் குறைத்துக்கொண்டார்கள். ஆண்களில் இருவர் "அதெல்லாம் தெரியும்" என்று தள்ளி நின்றார்கள். சாயல்குடி சாலையில் யார் யாருக்கு டியூப் மாற்றிக் கொடுத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கால், இடுப்பு, உட்காருமிடம்

பன்னிரண்டு வாரம் என்பது அலுவலகம் போகிறவருக்கான கணக்கு. வார நாட்களில் மூன்று காலை, ஒரு மணி நேரம். சனிக்கிழமை நீண்ட ஓட்டம். 40 கிலோமீட்டரில் ஆரம்பித்து, வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு சதவீதம் கூட்டினால் போதும். ஒவ்வொரு நான்காவது வாரமும் கொஞ்சம் குறைத்து உடம்பை மூச்சுவிட விடுங்கள். பக்கத்தில் வருகிறவரோடு வாக்கியம் வாக்கியமாகப் பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம். பெரிய கியரில் அழுத்தி மிதிப்பதைவிட இலகுவான கியரில் நிமிடத்துக்கு 80 சுற்றை ஒட்டி மிதிக்கப் பழகுங்கள். முழங்காலுக்கு அது நல்லது.

ஒரே நாளில் 120 கிலோமீட்டர் போவது பெரிய விஷயமில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கு மீண்டும் அதே சீட்டில் உட்காருவதுதான் விஷயம். எட்டாவது வாரத்திலிருந்து சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து ஓட்டுங்கள்: சனிக்கிழமை 80, ஞாயிறு 60. பத்தாவது வாரத்தில் 110, 90. அப்போதுதான் உள்ளங்கை மரத்துப்போவது, கழுத்து பிடிப்பது, தொடை உரசுவது எல்லாம் வெளியே வரும். வெளியே வரட்டும், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும்போதே. கடைசி வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று கடைசி வாரத்தில் நூறு கிலோமீட்டர் போகிறவர் களைப்போடுதான் கிளம்புவார்.

பஞ்சு வைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடை இல்லாமல் அணிய வேண்டும். கேட்கச் சங்கடமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் தையல் உரசித்தான் புண் வருகிறது. இரண்டு வைத்துக்கொண்டு தினமும் துவைத்துப் போடுங்கள். உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். முதல் நாளில் புதிய சீட், புதிய செருப்பு, புதிய கால்சட்டை எதுவும் கூடாது. நாற்பது வயது தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்கள் பயிற்சி தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். யாருக்கு என்ன மருந்து, என்ன ஒவ்வாமை, ரத்த வகை, வீட்டு எண் என்று ஒரு தாளில் எழுதி, அதைப் படி எடுத்து ஆளுக்கு ஒன்றாகச் சட்டைப்பையில் வையுங்கள். கைபேசி பூட்டியிருக்கும்போது அதிலுள்ள தகவல் யாருக்கும் உதவாது.

வயிறு

மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உடம்புக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கடையில் விற்கும் ஜெல் பாக்கெட் இல்லாமலே இந்தச் சாலை அதைக் கொடுக்கிறது. ஒரு பெரிய வாழைப்பழமும் ஒரு துண்டு கடலைமிட்டாயும் ஒரு மணி நேரத்தைத் தாங்கும். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயைத் தெற்கே எந்தக் கடையிலும் கேட்கலாம். காலையில் கிளம்பும்போது வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம்; இரண்டு வாழைப்பழம், ஒரு டீ. 40 கிலோமீட்டர் தாண்டி எட்டு மணிக்கு இட்லி. பொங்கல் வடை எனக்கு உயிர், ஆனால் நெய்யோடு அதைச் சாப்பிட்டுவிட்டு மிதித்தால் கண் சொருகும். அதை ஓய்வு நாளுக்கு வைத்துக்கொண்டேன். உடன்குடி தாண்டும்போது கருப்பட்டி வாங்கி நறுக்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர், தாகம் எடுப்பதற்கு முன்பிருந்தே சிறிது சிறிதாக. மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர்வரை பெரும்பாலோருக்குச் சரிப்படும். வெறும் தண்ணீரையே மணிக்கணக்காகக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். களைப்பு என்று நினைத்து இன்னும் குடிப்பார்கள், இன்னும் மோசமாகும். ஒரு பாட்டிலில் தண்ணீர், இன்னொன்றில் உப்பு சர்க்கரைக் கரைசல்: ஒரு லிட்டருக்குச் சர்க்கரை ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தலைதட்டி அளந்து. எலுமிச்சை பிழிந்தால் இறங்கும். மோரும் இளநீரும் எப்போது கிடைத்தாலும் விடாதீர்கள்.

நண்பர் திடீரென்று உளறினாலோ, நேர்கோட்டில் ஓட்ட முடியாமல் தள்ளாடினாலோ "கொஞ்ச தூரம்தான், வா" என்று இழுக்காதீர்கள். நிழலில் படுக்க வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் இருந்தால் 1033 என்ற உதவி எண்ணும் உண்டு.

பெண்கள் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் ஓட்டுவதை முதல் பயணத்தில் நாங்கள் கவனிக்கவே இல்லை. மூன்றாம் நாள் ஒரு தோழிக்குச் சிறுநீர்த் தொற்றுக் காய்ச்சல் வந்த பிறகுதான் புரிந்தது. இப்போது ஒவ்வொரு நாளின் வரைபடத்திலும் பெட்ரோல் பங்குகளை முதலில் குறிக்கிறோம். இடைநிறுத்தங்கள் அவற்றைப் பொறுத்துத்தான்.

வரிசை

எட்டுப் பேர் ஒரே வரிசையில் போனால் பேருந்து முந்த முடியாமல் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வரும். நான்கு நான்காகப் பிரிந்து, நடுவே ஒரு பேருந்து நுழையும் அளவுக்கு இடைவெளி விடுங்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரமும் உங்கள் முன்சக்கரமும் பக்கவாட்டில் ஒன்றையொன்று தாண்டக் கூடாது. அவர் லேசாக ஒடித்தாலும் விழுவது நீங்கள்தான். முதலில் போகிறவர் "குழி", "மணல்", "வேகத்தடை" என்று கத்த வேண்டும், பின்னால் வருகிறவர் "பஸ்" என்று சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் பழகினால்தான் வாய் தானாகத் திறக்கும். வெள்ளைக்கோடு போடாத வேகத்தடைகள் பள்ளிக்கூடங்களுக்கு முன்னே அதிகம். காலை எட்டரைக்கு அங்கே அரசு கொடுத்த சைக்கிள்களில் பிளஸ் ஒன் பிள்ளைகள் மூன்று பேர் தோளில் கைபோட்டுக்கொண்டு வருவார்கள். சாலை அப்போது அவர்களுடையது.

குழுவிலேயே அனுபவம் மிகுந்தவர் கடைசியில் வர வேண்டும். கருவிப் பையும் முதலுதவிப் பெட்டியும் அவரிடம். அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவர் வந்துவிட்டால் எல்லோரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தம். மெதுவாக ஓட்டுகிறவரை வரிசையில் மூன்றாவதாக வையுங்கள். அங்கேதான் காற்றின் அடி குறைவு, தனியாக விடப்பட்ட எண்ணமும் வராது.

வேகமாகப் போகிறவர்கள் டீக்கடையில் இருபது நிமிடம் இளைப்பாறிக் காத்திருப்பார்கள். மெதுவானவர் மூச்சு வாங்க வந்து இறங்குவார். உடனே "சரி, கிளம்பலாமா?" என்பார்கள். இதைவிட மனதை உடைக்கும் கேள்வி சைக்கிள் பயணத்தில் இல்லை. இரண்டாவது பயணத்தில் நான்தான் அந்தக் கடைசி ஆள், அம்மை வந்து எழுந்திருந்த வருடம். அன்றிலிருந்து எங்கள் விதி: கடைசியாக வந்தவர் டம்ளரைக் கீழே வைத்த பிறகு பத்து நிமிடம். கிளம்பலாமா என்று அவர்தான் கேட்பார்.

துணை வண்டி பின்னாலேயே விளக்கை மினுக்கிக்கொண்டு வர வேண்டாம், மற்ற வண்டிகளுக்கு இடைஞ்சல். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் முன்னே போய் நிழலில் நிற்கட்டும். அதில் ஏறிக்கொள்வது தோல்வி ஆகாது என்பதை யாராவது முதல் நாளே செய்து காட்டினால் நல்லது. நன்றாக ஓட்டுகிற நண்பர் ஒருவர் மூன்றாவது பயணத்தில் வேண்டுமென்றே முதல் நாள் 20 கிலோமீட்டர் வண்டியில் வந்தார். பிறகு தேவைப்பட்ட யாரும் தயங்கவில்லை.

முந்தின இரவு

பையில் என்ன இருக்கிறது என்று மறுபடி மறுபடி திறந்து பார்க்கத் தோன்றும். ஒரு முறை பார்த்து மூடிவிடுங்கள். டயரின் காற்றை அழுத்திப் பாருங்கள், அளவு டயரின் பக்கவாட்டிலேயே எழுதியிருக்கும். முன்விளக்கையும் பின்விளக்கையும் சார்ஜில் போடுங்கள்; ஜனவரியில் ஆறரையை ஒட்டித்தான் விடியும், முதல் ஒரு மணி நேரம் இருட்டில்தான் ஓட்டப்போகிறீர்கள். பாட்டில்களை நிரப்பிச் சைக்கிளிலேயே மாட்டிவிடுங்கள். கணக்கைப் பார்த்துக்கொள்கிற நண்பர், அதுவரை வந்த நன்கொடையின் தொகையைக் குழுவுக்கு அனுப்பட்டும். ரசீதுப் புத்தகம் யார் பையில் இருக்கிறது என்று கேளுங்கள்.

பிறகு, உங்களில் யார் மிகவும் மெதுவாக ஓட்டுகிறாரோ அவருக்கு ஒரு ஃபோன் போடுங்கள். அவருக்குத் தூக்கம் வந்திருக்காது. நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்று அவரிடமே கேளுங்கள்.